லிபரல் கோணேஸ்வரி

குலசிங்கம் தேர்தலில் நிற்கவேண்டும் என்று தீர்மானித்தது குலசிங்கம் அல்ல, அவருடைய மனைவியின் தம்பி பிரதாபன். அதற்குக் காரணம் ஒரு பார்க்கிங் ரிக்கற்.

ரொறன்ரோவின் மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதிக்குச் சற்றுத் தெற்கே, வரிசை வரிசையாக நிற்கும் கோ-ஒப் வீடுகளில் ஒன்றில் குலசிங்கமும் யோகமலரும் இருந்தார்கள். கோ-ஒப் என்றால் வீட்டுக்குத் தனிச் சொந்தக்காரர் இல்லை. குடியிருக்கிற எல்லோரும் அங்கத்தவர்கள். வருடத்துக்கு ஒருமுறை கூடி, தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தெரிந்தெடுத்து, பனி வழிப்பது முதல் கூரை திருத்துவது வரை அவர் தலையில் போட்டுவிடுவார்கள். பாதிப்பேர் தமிழ்ச் சனம். மற்றவர்கள் ஜமேய்க்கா, கயானா, ஹொங்கொங் என்று பல இடத்துக்காரர். நெடுங்காலம் தலைவராக இருந்த அமிர்தநாதர் யூனியன்வில்லில் சொந்த வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த இடத்துக்குத் திருகோணமலைக்காரி கோணேஸ்வரி வரப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். எதிர்த்து நிற்கும் எண்ணம் எவருக்கும் இல்லை.

அந்த வருடம், தொண்ணூற்றாறு செப்ரெம்பரில், பிரதாபன் நியூ ஜேர்சியிலிருந்து காரில் வந்து இறங்கினான். பக்கத்து நகரான மார்க்கத்தில் ஒரு கொம்பியூட்டர் கொம்பனியில் வேலை கிடைக்கும்போல் இருந்தது. கிடைக்கும்வரை அக்கா வீடு. காரைக் கொண்டுபோய் விருந்தாளிகளுக்கான இடத்தில் விட்டான். அந்த இடத்தைக் கவனிப்பது கோணேஸ்வரியின் பொறுப்பு. இரண்டு கிழமைக்கு மேல் நிற்கும் காருக்கு அனுமதி எடுக்கவேண்டும் என்று அவர் ஒரு துண்டு எழுதிக் கண்ணாடியில் செருகினார். பிரதாபன் அந்தத் துண்டால் காருக்குள் சிந்தியிருந்த கோப்பியைத் துடைத்தான். அடுத்த துண்டுக்கும் அதே கதி. பிறகு வந்தது தண்டப்பண ரிக்கற்.

அன்று குலசிங்கம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றி முடிப்பதற்குள் பிரதாபன் அவர் முன்னால் வந்து நின்றான்.

"அத்தான், உந்த மனுசியை எதிர்த்து நீங்கள் நிக்கவேணும்."

குலசிங்கம் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் காலை வேலை செய்பவர். மெத்தக் கதைக்க மாட்டார். கூட்டங்களில் கடைசி வரிசையில் இருந்து, கை உயர்த்தச் சொன்னால் உயர்த்துவார். அவர் சிரித்துவிட்டுக் குளிக்கப் போயிருப்பார். ஆனால் பிரதாபன் இன்னொன்றும் சொன்னான்: "உங்களை விட்டால் வேற ஆர் இருக்கினம்?" ஐம்பது வயதுவரை குலசிங்கத்தைப் பார்த்து எவரும் அப்படிக் கேட்டதில்லை. அந்தக் கேள்வி அவருக்குள்ளே எங்கேயோ போய் இனித்தது. முதலில் மறுத்தார், பிறகு மழுப்பினார், அந்தக் கிழமை முடிவதற்குள் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

யோகமலருக்கு இது துளிகூடப் பிடிக்கவில்லை. சனிக்கிழமைகளில் மரக்கறி வாங்கவும் மீன் வாங்கவும் கோணேஸ்வரியோடுதான் அவர் போவது. ஒரு காருக்காக உள்ள சிநேகிதத்தையும் கெடுக்கப் போகிறீர்களா என்று கேட்டார். தேர்தல் வேறு, சிநேகிதம் வேறு என்று பிரதாபன் அத்தானுக்காகப் பதில் சொன்னான். யோகமலர் சமையலறைக்குள் போனார். அன்றைய குழம்பில் உப்பு இருக்கவில்லை.

நியூ ஜேர்சியில் இருந்தபோது பிரதாபன் ஒரு நகரசபை வேட்பாளருக்காக இரண்டு கோடைகாலம் தொண்டு வேலை செய்திருக்கிறான். அந்த வேட்பாளர் இரண்டு முறையும் தோற்றுப்போனார் என்பதை அவன் பெரிதாக எடுத்துச் சொல்வதில்லை. ஆனால் தேர்தல் என்ற விளையாட்டைத் தான் உள்ளே இருந்து பார்த்தவன் என்று அவனுக்கு உறுதியான நம்பிக்கை. அது அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நடந்த இலையுதிர் காலம். எல்லைக்கு அப்பால் பவலோவிலிருந்து வரும் ரீவி நிலையங்கள் ரொறன்ரோ வீடுகளிலும் தெரியும். தொழிற்சாலையால் வந்த அத்தானைப் பின்னேரங்களில் சோபாவில் இருத்தி, பிரதாபன் அந்த விளம்பரங்களைக் காட்டிப் பாடம் நடத்தினான்.

விளம்பரங்கள் ஏறக்குறைய எல்லாம் ஒரே மாதிரி. எதிராளியின் முகம் சாம்பல் நிறத்தில், வாய் கோணிய நேரம் பார்த்து எடுத்த படமாக, மெதுவாகப் பெரிதாகிக்கொண்டு வரும். பின்னால் ஒரு அடிக்குரல். ஆள் வரியைக் கூட்டுவார், பொதுப்பணத்தை வாரி இறைப்பார் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் "லிபரல்" என்று முடிக்கும். கிணற்றுக்குள் பாம்பு கிடக்கிறது என்று அயலுக்கு அறிவிப்பவர்களுக்குத்தான் அப்படி ஒரு குரல் வரும்.

"எதிராளி ஆரெண்டு சனம் தானா யோசிக்க முன்னம், நாங்கள் ஒரு பேரை ஒட்டிப்போட வேணும்," என்றான் பிரதாபன். "பேர் ஒட்டினாப் பிறகு அந்தாள் என்ன கதைச்சாலும் அந்தப் பேர்தான் கேக்கும்."

கோணேஸ்வரி பின்புறப் புல்வெளியில் பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும் போடவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அது செலவு. செலவு செய்கிறவர் லிபரல். பிரதாபனுக்கு அவ்வளவும் போதுமாக இருந்தது. குலசிங்கம் யோசித்தார்.

"தம்பி, இஞ்ச லிபரல் எண்டால் அது ஒரு கட்சியெல்லோ. இப்ப ஒட்டாவாவில ஆளுறதும் அவைதானே."

பிரதாபன் அதைத் தட்டிவிட்டான். சொல் முக்கியமில்லை, சொல்லுகிற தொனிதான் முக்கியம் என்றான்.

துண்டுப்பிரசுரத்துக்குப் படம் வேண்டியிருந்தது. யோகமலரின் அல்பத்தில், ஒரு பிறந்தநாள் விழாவில் கோணேஸ்வரி யாரையோ திரும்பிப் பார்க்கிற படம் ஒன்று இருந்தது. பிரதாபன் அதை எடுத்துப்போய் மருந்துக்கடைப் போட்டோக்கொப்பி மெசினில் கறுப்பாகவும் சாம்பலாகவும் வரும்வரை அடித்தான். கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே ஒரு வரி போட்டான்: "கோணேஸ்வரி: ஒரு லிபரல்." அதைப் பார்க்கிறவருக்கு நெஞ்சு பதறவேண்டும் என்பது திட்டம். ஆனால் மெசின் வேறுவிதமாக வேலை செய்துவிட்டது. பிறந்தநாள் பலூன்கள் எல்லாம் இருட்டுக்குள் மறைய, நிமிர்ந்த கழுத்தும் தூரத்தே பார்க்கும் கண்ணுமாகக் கோணேஸ்வரி பாராளுமன்றத்துக்குப் புறப்பட்டவர் போல் இருந்தார். குலசிங்கம் அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். படம் நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். பிரதாபன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போட்டுவிட்டு வந்தான்.

மறுநாள் மாலை குலசிங்கம் பஸ்ஸால் இறங்கி நடந்து வரும்போது நீக்கிலாப்பிள்ளை அவரை மறித்தார். மூன்றாவது வரிசையில் இருக்கிற, பென்சன் எடுத்த மனிதர். உலகச் செய்தி எல்லாம் அவர் வாயால்தான் கோ-ஒப்புக்குள் வரும். கோணேஸ்வரியை லிபரல் கட்சி தெரிவு செய்திருக்கிறதாமே, இது எவ்வளவு பெரிய விஷயம் என்றார். இங்குள்ள பாதிப்பேருக்குக் குடியேற்றக் கடுதாசி சரிவந்தது அந்த ஆட்சிக் காலத்தில்தானே என்று நினைவூட்டினார். அப்படிப்பட்ட ஒருவரை எதிர்த்து நிற்கக் குலசிங்கத்துக்கு எப்படி மனம் வந்தது என்று வருத்தத்தோடு கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கிழமை முழுவதும் இதே கதைதான். கோணேஸ்வரி ஒரு பல்வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை செய்பவர். அவர் வேலையால் வரும் நேரம் பார்த்து வாசலில் ஆட்கள் நின்றார்கள். ஒருவருக்குத் தாயை ஸ்பொன்சர் செய்து கூப்பிடவேண்டும். இன்னொருவருக்குக் குடியுரிமைச் சோதனை தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. ஹொங்கொங் குடும்பம் ஒன்று ஒரு பெட்டி ஒரேஞ் கொண்டுவந்து கொடுத்தது. தனக்கும் எந்தக் கட்சிக்கும் தொடர்பில்லை என்று கோணேஸ்வரி சொல்லச் சொல்ல, பெரிய இடத்து ஆட்கள் இப்படித்தான் அடக்கமாகக் கதைப்பார்கள் என்று சனம் நம்பியது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கோணேஸ்வரி துண்டுப்பிரசுரத்தோடு குலசிங்கத்தின் கதவைத் தட்டினார். கதவைத் திறந்த குலசிங்கம் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிரதாபன் நிலவறைக்குள் இறங்கிவிட்டிருந்தான்.

"உது நீங்கள் அடிச்சதோ அண்ணன்?"

குலசிங்கம் ஓம் என்று தலையாட்டினார். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"நல்லா வந்திருக்கு. என்னை இவ்வளவு வடிவா ஒருத்தரும் எடுத்ததில்ல. இன்னும் கொஞ்சம் கிடக்கோ? அக்காவுக்கு அனுப்பவேணும்."

அவர் முகத்தைப் பார்த்து, கோபமா கேலியா என்று குலசிங்கத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. சமையலறையிலிருந்து வந்த யோகமலருக்குத்தான் அது தெரிந்தது. அவர் மிச்சமிருந்த பிரசுரக் கட்டை அப்படியே தூக்கிக் கோணேஸ்வரியின் கையில் கொடுத்து, உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணியும் கொடுத்தார். இருவரும் சிரித்த சிரிப்பு நிலவறைவரை கேட்டது.

பிரதாபன் மனம் தளரவில்லை. எதிராளிக்கு ஒட்டிய பெயர் பிழைத்தால், எங்களுக்கு ஒரு நல்ல பெயரை ஒட்டிக்கொள்வதுதான் அடுத்த படி என்றான். அத்தான் இனி கொன்சர்வேட்டிவ், செலவைக் குறைப்பவர். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு மரியாதை என்று விளக்கினான். குலசிங்கம் கதவுகதவாகப் போய் அதைச் சொல்லவேண்டும்.

முதலில் தட்டியது மூலை வீட்டுக் கதவு. அங்கே இருந்தவர் ஜமேய்க்காக்காரி. உயரமானவர், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்பவர். குலசிங்கம் பாடமாக்கிய ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொன்னார், தான் கொன்சர்வேட்டிவ் என்றார். அந்த மனுசியின் முகம் பூட்டிக்கொண்டது. போன வருடம் ஒன்ராறியோவில் வெல்ஃபெயர் காசை வெட்டியது அந்தக் கட்சி அரசாங்கம். கைக்குழந்தையோடு தனியாக இருக்கிற அவருடைய மகளின் காசோலையும் வெட்டுப்பட்டிருந்தது. இப்போது கோ-ஒப்புக்குள்ளும் வெட்ட வந்திருக்கிறீர்களா என்று அவர் கேட்டார்.

குலசிங்கத்துக்குப் பாடமாக்கிய ஆங்கிலம் எல்லாம் அத்தோடு தீர்ந்துபோயிற்று. இல்லை, இல்லை என்றார். தான் ஒரு கட்சியும் இல்லை, பதினோராம் வீட்டுக்காரன், கார் சீற் தைக்கிறவன் என்றார். அந்த மனுசி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, அப்படியானால் பின் ஒழுங்கையில் விளக்கு எரியவில்லை, வேலையால் வரும்போது தடக்கி விழப் பார்த்தேன், அதற்கு உங்களால் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார்.

அதற்குத் தன்னால் முடியும் என்று குலசிங்கத்துக்குத் தெரிந்தது. நேரே போய்ப் பார்த்தார். பல்ப் பழுதானது மட்டுமல்ல, அதைத் தாங்கும் கூட்டுக்குள்ளும் தண்ணீர் இறங்கியிருந்தது. மழைநீரை வடிக்கிற கூரைப் பீலி வெடித்து அதன் வழியாக ஒழுகிய தண்ணீர். ஏணியும் புதுப் பல்பும் களஞ்சிய அறையில் இருந்தன. களஞ்சிய அறையின் திறப்பு கோணேஸ்வரியிடம் இருந்தது. குலசிங்கம் கொஞ்சம் தயங்கிவிட்டுப் போய்க் கேட்டார். கோணேஸ்வரி திறப்போடு, குளிருக்கு ஒரு சால்வையையும் எடுத்துப் போர்த்துக்கொண்டு கூடவே வந்தார்.

பொழுதுபடுகிற நேரம். குலசிங்கம் ஏறினார், கோணேஸ்வரி ஏணியைப் பிடித்தார். கூட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, வரிசை முழுவதும் பீலி இப்படித்தான் போயிருக்கும், இந்தப் பனிக்கு முன்னம் மாற்றாவிட்டால் சுவருக்குள் தண்ணீர் இறங்கும் என்று குலசிங்கம் சொன்னார். கோணேஸ்வரி அதை ஒருவரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று கவலைப்பட்டார். ஊஞ்சலைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டார். பிள்ளைகள் கார் நிறுத்தும் இடத்தில் விளையாடுவதைப் பார்க்கத் தனக்கே பயம்தான், ஊஞ்சல் நல்லது என்றார் குலசிங்கம். ஆனால் முதலில் பீலி, பிறகு ஊஞ்சல். கோணேஸ்வரிக்கும் அது சரியாகத்தான் பட்டது.

"அப்ப அண்ணன், நாங்கள் ரெண்டு பேரும் எதிலதான் எதிரி?"

குலசிங்கம் ஏணியில் நின்றபடியே யோசித்தார். நேர்மையாக யோசித்ததால் நேரம் எடுத்தது.

"பார்க்கிங்கில," என்றார்.

விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் பிரதாபன் குப்பைப் பையோடு ஒழுங்கைக்குள் வந்து நின்றான். தன் வேட்பாளர் ஏணியில் நிற்பதையும் எதிராளி அதைப் பிடித்திருப்பதையும் இருவரும் சிரிப்பதையும் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனான். நியூ ஜேர்சியில் இப்படி ஒன்றை அவன் கண்டதில்லை.

பொதுக்கூட்டம் நவம்பர் நடுவில் ஒரு ஞாயிறு மத்தியானம். அதற்குள் அமெரிக்காவில் தேர்தல் முடிந்து, அந்தச் சாம்பல் முகங்களும் அடிக்குரல்களும் ரீவியிலிருந்து காணாமற் போயிருந்தன. கோ-ஒப் மண்டபம் நிறைந்திருந்தது. வழக்கமாக அவ்வளவு சனம் வராது. துண்டுப்பிரசுரத்தால் வந்த சனம் அது. பிரதாபன் அத்தானுக்கு ஒரு பேச்சு எழுதிக் கொடுத்திருந்தான். அதில் கோணேஸ்வரியைப் பார்த்துக் கேட்கவேண்டிய கூரான கேள்விகள் இருந்தன, எந்த இடத்தில் நிறுத்தி எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்றும் எழுதியிருந்தது. பேச்சை மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வது பிரதாபனின் வேலை.

குலசிங்கம் எழும்பிக் கடுதாசியை விரித்தார். வாய் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து நீக்கிலாப்பிள்ளை கையை உயர்த்தினார்.

"ஒண்டு கேக்கிறன். அவ லிபரல் எண்டு நோட்டிஸில கிடக்கு. நீங்கள் கொன்சர்வேட்டிவ் எண்டும் கதைக்கினம். உண்மையா நீங்கள் என்ன?"

குலசிங்கம் கடுதாசியைப் பார்த்தார். இந்தக் கேள்விக்குப் பதில் அதில் இல்லை. அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

தமிழிலேயே பேசினார். தான் ஒன்றுமில்லை, குலசிங்கம் என்றார். அந்த நோட்டிசைக் கோணேஸ்வரியைப் பழிக்கத்தான் அடித்தது, சனத்துக்கு அது பழியாகப் படாமல் விட்டது தன்னுடைய நல்லகாலம் என்றார். மண்டபத்தில் தமிழ்ச் சனத்தின் பக்கம் ஒரு அசைவு. மற்றப் பக்கம் என்ன நடக்கிறதென்று தெரியாமல் காத்திருந்தது. பிரதாபன் மொழிபெயர்க்க எழும்பியவன் வாயைத் திறந்தபடி நின்றான். தான் கட்டிய வீட்டை அத்தான் தன் கையாலேயே பிரிப்பதை எந்த மொழியில் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

கோணேஸ்வரி எழும்பினார். கூட்டங்களில் தமிழை ஆங்கிலமாக்குவது எப்போதும் அவர்தான், பழக்கத்தில் எழும்பிவிட்டார். குலசிங்கம் சொன்னதை ஒன்றும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். கடைசியில், இது மொழிபெயர்ப்பில்லை, என்னுடையது என்று சொல்லி, அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருப்பதாகவும் சேர்த்துக்கொண்டார். மண்டபம் இரண்டு மொழியிலும் சிரித்தது.

பிறகு குலசிங்கம் பீலியைப் பற்றிப் பேசினார். அதில் அவருக்குத் தடங்கலே வரவில்லை. எந்த வரிசையில் எங்கே வெடித்திருக்கிறது, தண்ணீர் எப்படி இறங்கும், எதை முதலில் செய்யவேண்டும் என்று கையால் கூரையை வரைந்து காட்டினார். தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்கிறவர்கள்கூட அவர் அவ்வளவு நேரம் பேசிக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் ஒவ்வொரு வசனமாகச் சொல்ல, அவரை எதிர்த்து நிற்கிறவர் அதை ஆங்கிலமாக்கினார். குலசிங்கம் தடுமாறிய ஓரிடத்தில், அவர் சொல்ல வந்தது என்னவென்று கோணேஸ்வரி விளக்கி, அதை இன்னும் பலமாக்கினார். யோகமலர் பின்வரிசையில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பினாலா வேறெதனாலா என்று கேட்டால் அவருக்கே தெரிந்திராது.

கோணேஸ்வரி வென்றார். அதில் எவருக்கும் ஆச்சரியமில்லை. குலசிங்கத்துக்கு அவ்வளவு வாக்கு விழுந்ததில்தான் ஆச்சரியம். மூலை வீட்டு ஜமேய்க்காக்காரியின் வரிசை முழுவதும் அவருக்குப் போட்டிருந்தது. அந்த மனுசியே வந்து கையைக் குலுக்கிச் சொன்னார். புதுத் தலைவர் முதல் வேலையாகத் திருத்த வேலைகளுக்கு ஒருவரை நியமித்தார். அது யாரென்று சொல்லத் தேவையில்லை. பனி கொட்டுவதற்கு முன் முதல் இரண்டு வரிசைக்கும் புதுப் பீலி ஏறியது. இரண்டாவது வேலையாகக் கோணேஸ்வரி நியூ ஜேர்சிக் காருக்கு ஒரு அனுமதிச் சீட்டைத் தானே எழுதிப் பிரதாபனிடம் கொடுத்தார். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கினான்.

பட்டம் மட்டும் போகவில்லை. கோ-ஒப்பில் வேறொரு கோணேஸ்வரி இல்லாவிட்டாலும் அவரை எல்லோரும் லிபரல் கோணேஸ்வரி என்றே சொன்னார்கள். அது வெளியிலும் பரவியிருக்கவேண்டும். அடுத்த வசந்தத்தில் கனடாவுக்கே பொதுத்தேர்தல் வந்தபோது, ஒரு நாள் கோட்டும் ரையுமாக ஒருவர் அவர் வாசலில் வந்து நின்றார். லிபரல் கட்சிக்காரர். இந்தப் பகுதியில் தங்களுக்கு இவ்வளவு செல்வாக்கான ஒரு தமிழ்ப் பெண்மணி இருப்பது தெரியாமற் போனதற்கு மன்னிப்புக் கேட்டார். கோணேஸ்வரி அவரை இருத்திக் கோப்பி கொடுத்தார். தனக்கு அரசியல் தெரியாது, ஆனால் அமெரிக்காவிலேயே தேர்தல் வேலை பழகிய ஒருவர் பதினோராம் வீட்டில் இருக்கிறார் என்று சொல்லி, பிரதாபனின் பெயரைக் கொடுத்தார்.

பிரதாபனுக்கு மார்க்கத்தில் வேலை கிடைத்திருந்தது. ஆனாலும் பின்னேரங்களில் கட்சிக் காரியாலயத்துக்குப் போய்வந்தான். முதல் நாள் போய்விட்டு வந்தவனிடம் யோகமலர் என்ன செய்தாய் என்று கேட்டார். கதவைத் தட்டிச் சனம் சொல்வதைக் கேட்டு வரச் சொன்னார்கள், ஒன்றும் கதைக்கவேண்டாம் என்றும் சொன்னார்கள் என்றான். அது அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு மாதத்தில் பழகிக்கொண்டான்.

குலசிங்கத்துக்கும் யோகமலருக்கும் அந்தச் சித்திரையில் குடியுரிமை கிடைத்திருந்தது. ஜூன் மாதம் இருவரும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, கனடாவில் முதல்முறையாக வாக்குப் போடப் போனார்கள். வாக்குச்சாவடி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். வெய்யில் நன்றாக எறித்தது. மறைப்புக்குப் பின்னால் குலசிங்கம் கனநேரம் நின்றார். வெளியே வந்தபோது யோகமலர் வீதியைக் கடக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"ஆருக்குப் போட்டனீங்கள்?"

"சொல்லமாட்டன்," என்றார் குலசிங்கம். நடையில் ஒரு மிடுக்கு வந்திருந்தது. "நீர் ஆருக்குப் போட்டீர்?"

"நானும் சொல்லமாட்டன்."

இரண்டு பேரும் அப்படியே நடந்து, வழியில் கோணேஸ்வரி வீட்டுக் கதவைத் தட்டி, வாக்குச்சாவடி மூடுவதற்கு முன் போகச் சொல்லி அவருக்கு நினைவூட்டினார்கள்.